ஒரே தேதியில் இரண்டு சோதனைகள்

அன்று மதியம் அக்காவின் செவிச்சோதனை நிலையத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு வரும்போது குழப்பம் இருக்காது.

மேசைக்குப் பின்னால், சக்கரம் வைத்த நாற்காலியில் அக்கா. நிலையம் அவளுடையது. காதைச் சோதிப்பதற்கென்று படித்தவளும் அவள் ஒருத்திதான். சுவரோரம் பழைய கணினிக்கு முன்னால், சாய இடமில்லாத முக்காலியில், அக்காவின் கணவர், எனக்கு அத்தான். அந்தக் கணினியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல அதன் தலைமேல் ஒரு கையை வைத்திருந்தார். வந்தவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் அத்தானுடைய தங்கையின் மகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள், ஆகவே வீட்டில் எல்லோரும் அவளைக் கிரேன் என்றே கூப்பிடுவோம். மேசைக்கு அடியில், தரையில், ஒயர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு, கணினி பழுதுபார்ப்பவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் “ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் பெயர் ரீஸ்டார்ட். மேசையின் பக்கவாட்டில், முழங்கை வைக்கும் அளவு இடத்தில், நான். அக்காவுக்குத் தங்கை. குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் கடிதப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லி என்னை வரவழைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். கிரேன் ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை காதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அவள் போன ஆண்டு வேலைக்குச் சேர்ந்தபோதும் இந்த ஆண்டும் இங்கேதான் சோதித்துக்கொண்டாள். இந்த ஆண்டுச் சான்றிதழைத் துறைமுக அலுவலகத்தில் ஸ்கேனருக்குள் விட்டபோது, தாளின் கீழ்மூலையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டு உள்ளே சிக்கிக் கழன்றுவிட்டது. துண்டின்மேல் இந்த ஆண்டுத் தேதியை முத்திரை குத்தியிருந்தார்கள். அதன் அடியில் அச்சாகியிருந்த தேதியோ ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

பாதுகாப்பு அதிகாரி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். பழைய சான்றிதழின் தேதியை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. நாளை மதியத்துக்குள் சோதனை நிலையம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் வேலை போய்விடும். அதுவரை கிரேனில் ஏறக் கூடாது என்று அவளைக் கிடங்கில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

“கையுறை எண்ணச் சொல்றாங்க,” என்றாள் கிரேன். “எண்ணி முடிச்சா, சரியா இருக்கான்னு மறுபடி எண்ணச் சொல்றாங்க. நாப்பது டன் தூக்கறவளை உக்கார வெச்சுக் கையுறை எண்ண விடறாங்க, மாமா.”

வெள்ளைத் துண்டை ஒட்டியவர் அத்தான்தான்.

ஏன் ஒட்டினார் என்பது எனக்கு விளங்கினால்தான் அதிகாரிக்கு விளங்கும்படி எழுத முடியும். நான் படித்த சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதைக் கணக்குப் போடுவதுபோலத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள். பிறகு ஒரு பத்தியில் ஒரு சங்கதி. சங்கதி தெரியாமல் பத்தி பிரிக்க முடியாது.

“அத்தான், முதல்லேருந்து சொல்லுங்க,” என்றேன்.

“இதுல என்ன மச்சினி முதல், முடிவு? மெஷின் நல்ல மெஷின். அதை மட்டும் மொதல் வரியில எழுது.”

“அதை எழுதறேன். அப்புறம்?”

அவர் சொன்னதையும் அக்கா இடையிடையே திருத்தியதையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது. உள்ளே ஒலி புகாத ஒரு சிறு அறை இருக்கிறது. குளிர்ப்பெட்டிக்கு இருப்பதுபோலக் கனமான கதவு. சோதனைக்கு வந்தவர் அதற்குள் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொள்வார். மெஷின் ஒவ்வொரு ஒலியாகக் கொடுக்கும். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று கணினியே குறித்துக்கொண்டு கடைசியில் அச்சடித்துக் கொடுக்கும். தொழிற்சாலை ஆட்கள் கூட்டமாக வரும் நாட்களில் இந்தத் தானியங்கிச் சோதனையை அத்தானே நடத்துவார். அக்கா அச்சான தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

மெஷினை நடத்தும் சாஃப்ட்வேர் அந்தப் பழைய கணினியில் இருக்கும் இயங்குதளத்துக்காகச் செய்தது. சில ஆண்டுகளில் இயங்குதளக்காரர்கள், அந்தப் பதிப்பை இனிமேல் நாங்கள் கவனிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் பார்த்து மெஷின்காரர்களும் புதுப் பதிப்புக்கென்று புது சாஃப்ட்வேர் செய்தார்கள். புது சாஃப்ட்வேருக்குப் பழைய மெஷினைத் தெரியாது. பழைய சாஃப்ட்வேர் புதுப் பதிப்பில் ஏறாது. மெஷினை மாற்றுங்கள் என்றார்கள். ஒரு குறையும் இல்லாத மெஷினை எதற்கு மாற்றுவது என்று அக்கா பழைய கணினியையே வைத்துக்கொண்டாள். வைரஸ் எதுவும் புகுந்துவிடக் கூடாதென்று அதற்கு இன்டர்நெட்டும் கொடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாஃப்ட்வேருக்கு ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், பழையதற்கு இனி அனுமதி தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் காலையில் சாஃப்ட்வேர் திறந்து, அனுமதிக் காலம் முடிந்தது என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. வெளியே மர அறுப்பு ஆலையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

“என்ன பண்றதுன்னு தெரியல. கம்ப்யூட்டர் தேதிய சும்மா பின்னால தள்ளிப் பாத்தேன்,” என்றார் அத்தான். “தொறந்துடுச்சு! அன்னிக்கு உங்க அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா பாரு மச்சினி, கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.”

“அது முறைச்சது,” என்றாள் அக்கா.

கணினிக்குள் இருந்த பேட்டரியும் செத்துப்போயிருந்தது. அணைத்தால் தேதி அழிந்துவிடும். ஆகவே தினமும் காலையில் நிலையத்தைத் திறந்ததும், விளக்கைப் போட்டு, அறையைத் துடைத்து, கணினியில் தேதியை வைப்பது அத்தானின் வழக்கம் ஆயிற்று. எப்போதும் ஒரே தேதி. ஆறு ஆண்டுகளுக்கு முன் நிலையத்தைத் திறந்து வைத்த நாள். தாளில் அச்சாகும் அந்தத் தேதியின்மேல் வெள்ளைத் துண்டை ஒட்டி, உண்மையான தேதியை முத்திரை குத்திவிடுவார்.

“அது ஏன் அந்த நாள்?” என்று கேட்டேன்.

“மறக்காது.”

“கல்யாண நாள் மறந்துடும், பொண்டாட்டி பொறந்த நாள் மறந்துடும், இது மட்டும் மறக்காது,” என்றாள் அக்கா.

“அன்னிக்கு நான் வந்திருந்தேன்,” என்றாள் கிரேன். “வந்தவங்களுக்கெல்லாம் ஜூஸ் குடுத்தேன். ஆனா என் காதை யாரும் பாக்கல. இதை நான் அந்த அதிகாரிகிட்ட எப்படிச் சொல்றது?”

மேசைக்கு அடியிலிருந்து ரீஸ்டார்ட்டின் குரல் வந்தது. “குடுத்து வெச்ச கம்ப்யூட்டர்க்கா இது. வயசே ஆகல. தெனமும் தொறப்பு விழா.”

“நீ வேலையப் பாருப்பா,” என்றார் அத்தான்.

நான் எழுதத் தொடங்கினேன். நான்கு பத்திகள். முதல் பத்தியில் மெஷின் நல்ல நிலையில் இருப்பது. இரண்டாவதில் தேதி மாற்றும் வழக்கமும் அதன் காரணமும். மூன்றாவதில், தேதி மட்டுமே தவறு, சோதனை முடிவு சரியானது என்பது. நான்காவதில், பணியாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரை மீண்டும் வேலையில் அனுமதிக்க வேண்டும் என்பது. அக்கா படித்துப் பார்த்துவிட்டு முத்திரைக் கட்டையை எடுத்தாள்.

“இரு,” என்றேன். “ஆதாரம் எங்கே? இணைப்பு இல்லாத விளக்கத்தை எங்க ஆபீஸ்ல நாங்களே திருப்பி அனுப்பிடுவோம்.”

ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டிருந்ததே அதற்காகத்தான். கணினிக்குள் எல்லாச் சோதனைக்கும் ஒரே தேதி என்றாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் விழும். கிரேனுடைய எண் எந்த ஆலை ஆட்களின் எண்களுக்குப் பிறகு வருகிறது என்று காட்டினால், சோதனை இந்த ஆண்டு நடந்ததுதான் என்பது உறுதியாகிவிடும். அவர் பழைய கணினியில் இருந்த கோப்புகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, தன் மடிக்கணினியோடு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை.

அவருடைய மடிக்கணினியில் இருந்தது புதுப் பதிப்பு. பழைய சாஃப்ட்வேரை அப்படியே திறந்தால், இந்தப் பதிப்பில் இயங்காது என்று சொல்லிவிட்டது. அதற்கு ஒரு வழி உண்டாம். பழைய பதிப்பைப்போல நடந்துகொள் என்று ஒரு கட்டத்தில் குறி போட்டால், புதுப் பதிப்பு அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் பழையதாக வேஷம் போடும். குறி போட்டார். சாஃப்ட்வேர் நம்பித் திறந்தது. திறந்ததும் தேதியைப் பார்த்தது. அனுமதிக் காலம் முடிந்தது என்று மூடிக்கொண்டது.

“வேஷத்துக்கு மயங்குது, தேதிக்கு மயங்க மாட்டேங்குது,” என்றார் ரீஸ்டார்ட்.

“தேதிய மாத்து,” என்றார் அத்தான்.

“மாமா, சும்மா இருங்க!” என்றாள் கிரேன்.

கடைசியில் மெஷின்காரர்களின் புது சாஃப்ட்வேரில், முடிவுகளைப் பார்ப்பதற்கு மட்டும் என்று ஒன்று இலவசமாகக் கிடைத்தது. மெஷினோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பழைய கோப்புகளைப் படிக்கும். படித்தது. திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே தேதி. கிரேனின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. மேலே ஒன்று, போன ஆண்டினுடையது. வெகுதூரம் கீழே ஒன்று, மர ஆலை ஆட்கள் இந்த ஆண்டு வந்து போனதற்குப் பிறகு.

“இந்தாங்க ஆதாரம்,” என்று ரீஸ்டார்ட் கீழே இருந்த பெயரைத் தட்டினார். காதின் வரைபடம் திறந்தது. “இதை ஒரு பிரின்ட் எடுத்து லெட்டரோட வெச்சுக் குத்திடுங்க.”

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த சான்றிதழை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இது அது இல்லையே,” என்றாள்.

“எது எது இல்ல?” என்றார் அத்தான்.

தாளில் இரண்டு காதுகளின் கோடுகளும் மேலே ஒன்றாகப் போயின. திரையில் இடது காதின் கோடு அப்படியே இருந்தது. வலது காதின் கோடு பாதி வழியில் கீழே சரிந்திருந்தது. அக்கா மேலே இருந்த போன ஆண்டுச் சோதனையைத் திறக்கச் சொன்னாள். அதில் சரிவு இல்லை. தாளும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

அக்கா சான்றிதழை மேசைமேல் வைத்தாள். பிறகு, எனக்குச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் இருமுவார், தும்முவார், பொத்தானை அழுத்த மறப்பார். அதனால் அதே நாளில் மறுபடி சோதிப்பது உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு சோதனை இருந்தால், பழைய சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஒலிக்கும் இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து அச்சடிக்கும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்த விஷயம். அந்தக் கணினியைப் பொறுத்தவரை போன ஆண்டும் இந்த ஆண்டும் ஒரே நாள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

“அப்ப இந்த வருஷம் ரைட் காதுல கேக்காததுக்கு, போன வருஷம் கேட்டதப் போட்டுக் குடுத்துடுச்சா?” என்று கேட்டார் ரீஸ்டார்ட்.

“ஆமா.”

“எனக்கு நல்லாத்தான் கேக்குது,” என்றாள் கிரேன்.

“நீ அன்னிக்குப் பொத்தானை ஒழுங்கா அழுத்தியிருக்க மாட்டே,” என்றார் அத்தான் அவசரமாக. “ராத்திரி வேலை முடிச்சு நேரா வந்தா. உள்ள உக்காந்து தூங்கியிருப்பா. இல்லம்மாடி?”

“தூங்கியிருந்தா ரெண்டு காதும் தூங்கியிருக்கணும்,” என்றாள் அக்கா. “எழுந்து வா. இப்பவே பாத்துடலாம்.”

புது ஆள் என்று ஒரு பெயர் போட்டு, பழைய கணினியில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தாள். அத்தானை முக்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். கிரேன் உள்ளே போனாள். கனமான கதவு சாத்திக்கொண்டது.

வெளியே எதுவும் கேட்காது. பொத்தானை அழுத்தும்போது மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். முதலில் இடது காது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது; ஒழுங்காக, தையல் போடுவதுபோல. பிறகு அக்கா வலது என்று வாயசைத்தாள். தொடக்கத்தில் விளக்கு எரிந்தது. பிறகு ஒலிகள் கூர்மையாக ஆக ஆக எரியவில்லை. கண்ணாடிச் சன்னல் வழியே கிரேனின் முகம் தெரிந்தது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரியவில்லை. அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு வந்ததும் அவள் கேட்டது: “நடுவுல மெஷின் நின்னுடுச்சா? ரைட் பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரலையே.”

பதிலுக்கு நிற்காமல் அவளே திரையைப் பார்த்தாள். வரைபடத்தை வாசிக்கப் படித்திருக்க வேண்டியதில்லை, கோடு விழுந்திருந்தது. போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சரி,” என்றார் அத்தான். “கேளுங்க. அவங்க கேட்டது என்ன? தேதி ஏன் அப்படி இருக்குன்னு. அதுக்குப் பதில் மச்சினி எழுதி வெச்சிருக்கா. கேட்டதுக்குப் பதில். அதோட விட்டுடுவோம். இவ காதை அப்புறம் நல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்.”

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவது அலுவலகக் கடிதத்தில் முறைதான். அதை நான் சொல்லவும் செய்தேன்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றாள் அக்கா.

கிரேன் தலையைத் தூக்கினாள். “ஏற்கெனவே போட்டுக் குடுத்ததுதானே அத்தை இது? அப்ப போட்டீங்க, இப்ப மட்டும் மாட்டேங்கறீங்க. வேலை என்னுது. ஒரு வருஷம் சின்ன கிரேன்ல உக்கார வெச்சு, போன மாசந்தான் பெரிய கிரேன் குடுத்திருக்காங்க. அங்க மேல ஏறின பொம்பளை நான் ஒருத்திதான். எறக்கி விட்டாங்கன்னா மறுபடி ஏத்துவாங்களா?”

அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். சான்றிதழில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீஸ்டார்ட்தான் கேட்டார். அவர் வாயில் கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததை அன்றுதான் கேட்டேன். “மேல இருக்கும்போது கீழேருந்து சொல்றதெல்லாம் உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குதே! ரேடியோ இருக்கு. கீழ ஒருத்தர் நின்னு, தூக்கு, எறக்கு, நிறுத்துன்னு சொல்லுவார். நான் பாட்டுக்குச் செய்யறேன். ஒரு தடவ தப்பா எறக்கினேன்னு யாராவது சொல்லட்டும்.” சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தாள். “இருங்க. அவரையே கேட்டுடறேன்.”

எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கைபேசியை மேசைமேல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் ஏதோ எஞ்சின் ஓடும் சத்தத்தோடு ஒரு நடுவயதுக் குரல் வந்தது.

“என்னம்மா, கையுறை கணக்கு இடிக்குதா?”

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கிண்டல் பண்ணாம சொல்லணும். நீங்க நிறுத்துன்னா நான் நிறுத்தறேனா?”

“நிறுத்தறியே.”

“உடனேயா?”

கொஞ்சம் எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது.

“ரெண்டாந்தடவையில நிறுத்திடுவே. அதுக்கென்ன இப்ப? எங்களுக்குப் பழகிடுச்சு. பெட்டி நல்ல ஒசரத்துல இருக்கும்போதே ஒரு நிறுத்து சொல்லிடுவோம். அப்புறம் நெசமா நிறுத்த வேண்டிய எடத்துல இன்னொண்ணு. கரெக்டா நிப்பே. புதுசா கீழ வர்றவங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கேன், மத்தவங்களுக்கு ஒண்ணு, இந்தப் பொண்ணுக்கு ரெண்டுன்னு.”

“என்கிட்ட ஏண்ணே சொல்லல?”

“நீ நெதானமா யோசிச்சு நிறுத்தற ஆளுன்னு நெனச்சோம்மா. நல்லதுதானே? ஏன், அந்த அதிகாரி அதையும் கேக்கறாரா? நான் வந்து சொல்லட்டுமா, தங்கமா ஓட்டறான்னு?”

“வேணாம்ணே,” என்று சொல்லிக் கைபேசியை அணைத்தாள்.

முக்காலிக்குத் திரும்பியிருந்த அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

கிரேன் நான் எழுதிய கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். முழுவதும் படித்தாள். “நாளைக்கு அந்த அண்ணன் லீவு போட்டுட்டா,” என்றாள் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, “வேற எடத்துலேருந்து யாரையாவது அனுப்புவாங்க. அவருக்கு என்னைப் பத்தித் தெரியாது. ஒரு தடவதான் சொல்லுவார்.” பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தாள். “சின்னத்தை, மூணாவது பாராவுல, சோதனை முடிவு சரியானதுன்னு எழுதியிருக்கீங்க. அதை அடிங்க.”

“அடிச்சா கடிதம் அசிங்கமா இருக்கும்,” என்றேன். “வேற தாள்ல எழுதறேன்.”

அப்போது அதைத்தான் சொன்னேன்.

இரண்டாவது கடிதத்துக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும் யாராவது ஒருவர் குறுக்கே வந்தார்கள். அனுமதி முடிந்த சாஃப்ட்வேர் என்ற சொல்லை அத்தான், ஆதரவு நிறுத்தப்பட்ட சாஃப்ட்வேர் என்று மாற்றச் சொன்னார். அக்கா இரண்டையும் எழுதச் சொன்னாள். இரண்டும் உண்மைதானே என்றாள். புது சாஃப்ட்வேரில் முடிவுகள் தனித்தனியாகத் தெரிந்ததை ரீஸ்டார்ட் எனக்கு மூன்று விதமாக விளக்கினார், மூன்றாவதை எழுதினேன். கிரேனுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

“நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு எழுதாதீங்க. நானா சொன்னேன்னு எழுதுங்க. நான் சொல்லித்தான் இந்த லெட்டர் போகுதுன்னு.”

அப்படியே எழுதினேன். ஐந்தாவது பத்தி இது: “மேற்படி பணியாளர் இன்று எங்கள் முன்னிலையில் மீண்டும் சோதித்துக்கொண்டார். வலது காதில் கூர்மையான ஒலிகள் குறைவாகக் கேட்கின்றன. சென்ற ஆண்டு அவர் வேலையில் சேர்ந்தபோது இந்தக் குறை இல்லை. இதைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னவர் பணியாளரே.”

“வேலையில சேர்ந்தபோது இல்லன்னு போட்டது நல்லது,” என்றாள் அக்கா. “அந்த எஞ்சின் சத்தத்துல உக்கார வெச்சது அவங்கதானே. அடுத்த பாராவுல, வேற நல்ல எடத்துல சோதிச்சுப் பாக்கணும், செலவு அவங்களுதுன்னு எழுது. அதுவரைக்கும் வேலையவிட்டு எடுக்கக் கூடாது.”

“இடது காதுல மாட்டற ரேடியோ வருது,” என்றாள் கிரேன். “அதையும் கேளுங்க. மேல ஏத்தினாலும் ஏத்தாட்டியும் அதைக் கேளுங்க.”

வேண்டுகோள் என்று தலைப்புப் போட்டு மூன்றையும் வரிசையாக எழுதினேன். அதற்குக் கீழே அக்கா ஒரு பத்தியைத் தானே சொன்னாள்: இந்த நிலையத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறையாகச் சோதித்துக்கொண்ட எல்லோரையும் மீண்டும் அழைக்கப் போவதாகவும், இன்று முதல் இந்தக் கணினியில் சான்றிதழ் எதுவும் அச்சடிக்கப்படாது என்றும். அதை எழுதும்போது நான் அத்தானைப் பார்க்கவில்லை. முக்காலி கிரீச்சிட்டது மட்டும் கேட்டது.

அக்கா கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். தாளை மடிக்கப் போனேன்.

“மச்சினி, இரு,” என்றார் அத்தான். “என்னையும் போடு. தேதிய வெச்சவன்னு.”

“நீங்க எதுக்குங்க?” என்றாள் அக்கா.

“நான்தானே வெச்சேன்?”

அக்காவின் கையெழுத்துக்குக் கீழே இடம் குறைவாக இருந்தது. தேதியை மாற்றியவர் என்று சின்ன எழுத்தில் எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் கணினியின் தலைமேலிருந்து கையை எடுத்து, கோட்டுக்கு மேல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எதிரே தேதி போட வேண்டும் என்றேன். இன்றைக்கு என்ன தேதி என்று ரீஸ்டார்ட்டைக் கேட்டார். ரீஸ்டார்ட் சிரிக்காமல் சொன்னார்.

இணைப்புகள்: போன ஆண்டு முடிவு, இந்த ஆண்டு முடிவு, இன்றைய முடிவு, திரும்பி வந்த சான்றிதழின் நகல். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேல்மூலையில் ஊசி குத்தி, கடிதத்தை மேலே வைத்து, மூன்றாக மடித்தேன். பெரிய உறை கேட்டதற்கு அக்கா மருந்துக் கடைப் பெயர் அச்சிட்ட ஒன்றை எடுத்து நீட்டினாள். முடியாது என்றேன். இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடி ஒரு வெள்ளை உறை எடுத்தாள்.

தெருக்கோடியில் கூரியர் கடை. மாலை வண்டி போவதற்குள் கொடுத்தால் காலையில் துறைமுகத்துக்குப் போய்விடும். நானும் கிரேனும் நடந்தோம். அவள் என் வலப்பக்கம் வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, பின்னால் சுற்றி என் இடப்பக்கம் வந்து, இடது காதை லாரிகள் போகும் பக்கம் வைத்து நடந்தாள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றாள். “கையுறை எண்ண இன்னும் நெறைய இருக்கு.”

கடைக்காரர் உறையைத் தராசில் போட்டு, முகவரியை ஒரு முறை வாசித்துக் காட்டினார். மேலே அவசரம் என்று எழுதட்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். உறையின் வாய் இன்னும் திறந்திருந்தது. பசையைத் தடவி அவர் கிரேனிடமே நீட்டினார். அவள் அதைப் பலகைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். அவர் வாங்கிப் பின்னால் நின்ற வண்டிக்காரரிடம் கொடுத்தார். பைக்குள் போட்டு வாயைக் கட்டி, அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.